மகள் பிரெஞ்சு படித்து ஐ.நா.வில் பத்திரிகை அதிகாரி ஆகணும் என்கிறாள் – விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

செம்பனைக்கிராணி (பெஸ்தாரி ஜெயா) · திங்கள், இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். நான் இங்கே பக்கத்துத் தோட்டத்தில் ஆபீஸ் கிராணி, கணக்கு எழுதுகிற வேலை. மகள் உறைவிடப் பள்ளியில் படித்தவள். அங்கே பிரெஞ்சு எடுத்தாள், மலேசியாவின் ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம்.மிலும் எழுதி நல்ல புள்ளி வாங்கினாள். இப்போது படிவம் 6. மலாயாப் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சுப் பட்டப்படிப்பு, அப்புறம் ஐ.நா. மாதிரி ஓர் அனைத்துலக அமைப்பில் பிரெஞ்சு மொழிப் பத்திரிகை அதிகாரி. இதுதான் அவள் திட்டம். ஏதோ வேலை விளம்பரத்தைப் படித்துவிட்டு வந்தாள், அன்றிலிருந்து வேறு பேச்சே இல்லை.

என் அக்கா நர்ஸ் படிக்க வை என்கிறார். மச்சான் வக்கீலுக்குப் படிக்கட்டும் என்கிறார். நான் மகளைத் தடுக்கவில்லை. ஆனால் இப்படி ஒரு வேலை இருப்பதே எனக்கு இப்போதுதான் தெரியும். காலையில் போய் என்ன செய்வார்கள்? பிரான்சில் பிறந்தவர்களுக்குத்தான் கொடுப்பார்களா? நான் எவ்வளவு பணம் சேர்த்து வைக்க வேண்டியிருக்கும்? நிரந்தரமான வேலையா? இந்த ஊரிலிருந்து யாராவது போயிருக்கிறார்களா? தெரிந்தவர்கள் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற_வாத்தியார் (கோலசிலாங்கூர்) · திங்கள், இரவு 10.15

கிராணி தம்பி, உங்கள் மகள் ஆசையைக் கேட்டதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். பிரெஞ்சு நம் வட்டாரத்துக்குப் புதிதில்லை. 1917ல் தென்னமரம் தோட்டத்தில் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைப் போட்டவர் ஆன்றி ஃபொக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். காடு வெட்டியதும் கன்று நட்டதும் நம் பாட்டன் பாட்டிகள். அந்த மொழி துரை பங்களாவோடு நின்றுபோனது. நூறு வருஷம் கழித்து ஒரு கிராணி மகள் அதைத் தன் பிழைப்புக்கு எடுத்துக்கொள்கிறாள் என்றால் ஏன் கூடாது?

இன்னொன்றும் சொல்லணும். தோட்டத்து ஆள்களுக்கு அனைத்துலக மேடை எட்டாது என்று நினைப்பவர்களுக்கு பி. பி. நாராயணனை ஞாபகப்படுத்துகிறேன். 1954ல் தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கம் உருவானபோது அதை முன்னின்று நடத்தியவர். பிரஸ்ஸல்ஸில் தலைமையகம் வைத்திருந்த சுதந்திரத் தொழிற்சங்கங்களின் அனைத்துலகச் சம்மேளனத்துக்கு 1975லிருந்து 1992 வரை அவர்தான் தலைவர். தென்னாப்பிரிக்காவின் நவி பிள்ளையையும் பாருங்கள். டர்பனில் பஸ் ஓட்டியவரின் மகள், தமிழ்க் குடும்பம். 2008 முதல் 2014 வரை ஐ.நா. மனித உரிமை ஆணையராக ஜெனிவாவில் இருந்தார். தைரியமாகப் படிக்கச் சொல்லுங்கள்.

ஷாஆலம்_பொறியாளர் · திங்கள், இரவு 11.02

வாத்தியார் ஐயா மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் தலைவர்கள் கதையை வைத்து ஒரு பிள்ளையின் படிப்பை முடிவு செய்யக் கூடாது. நானும் தோட்டத்திலிருந்து வந்தவன்தான். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி. முதல் பட்டதாரிக்குக் குடும்பத்தைத் தூக்கிவிட வேண்டிய கடமை இருக்கிறது.

ஐ.நா.வின் நிலைமையைக் கொஞ்சம் பாருங்கள். உறுப்பு நாடுகள் சந்தாவை நேரத்துக்குக் கட்டாததால் பல வருஷமாகப் பணத் தட்டுப்பாடு. 2025ல் ஐ.நா.80 என்று பெயர் வைத்து ஆள்குறைப்பு ஆரம்பித்திருக்கிறார்கள். 2026 வரவு செலவுத் திட்டத்தில் ஆயிரக்கணக்கான பணியிடங்களை நீக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு மேல், இப்போது இயந்திரமே பேச்சைக் கேட்டு எழுதி, மொழிபெயர்த்தும் கொடுத்துவிடுகிறது. இப்படி ஒரு நேரத்தில் பிரெஞ்சை மட்டும் நம்பி இறங்கலாமா? பாதகம் நினைத்துச் சொல்லவில்லை அண்ணே. நாளைக்கு அந்தப் பிள்ளை சிரமப்படக் கூடாது.

ஈஜோக்_முருகன் · செவ்வாய், காலை 6.50

முதலில் ஒரு எச்சரிக்கை. என் மச்சான் மகனிடம் ஓர் ஏஜெண்ட் ஐ.நா.வில் வேலை வாங்கித் தருகிறேன் என்று சொல்லிப் பணம் கேட்டான். நேர்முகத் தேர்வுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம் என்று பட்டியலே போட்டான். ஐ.நா. எந்தக் கட்டத்திலும் ஒரு காசு வாங்காது. இதை அவர்கள் வேலைப் பக்கத்திலேயே போட்டிருக்கிறார்கள். பணம் கேட்டாலே ஏமாற்று வேலை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

லெமான்_கரை (ஜெனிவா) · செவ்வாய், பிற்பகல் 3.25

கிராணி அண்ணே, வணக்கம். நான் ஈஜோக் பக்கம் பிறந்து வளர்ந்தவள். அப்பா முதலில் பால்மரம் சீவினார், அப்புறம் செம்பனை. பிரான்சில் இதழியல் படித்தேன். ஜெனிவாவிலும் நியூயார்க்கிலும் பிரெஞ்சுப் பத்திரிகை அதிகாரியாகத் தற்காலிக ஒப்பந்தங்களில் வேலை செய்து வருகிறேன். அமைப்பின் சார்பில் பேசவில்லை, பார்த்ததைச் சொல்கிறேன்.

பத்திரிகை அதிகாரி என்றால் மைக் முன்னால் உட்கார்ந்து பதில் சொல்பவர் என்று பலர் நினைக்கிறார்கள். அது செய்தித் தொடர்பாளர் வேலை. நியூயார்க்கில் நண்பகலில் நிருபர்களைச் சந்திப்பதும், ஜெனிவாவில் செவ்வாய், வெள்ளி சந்திப்பதும் அவர்கள். எங்கள் வேலை கூட்டங்களில். ஐ.நா.வுக்கு அதிகாரபூர்வ மொழி ஆறு: அரபு, சீனம், ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யம், ஸ்பானிஷ். செயலகத்தின் அன்றாட வேலை மொழி ஆங்கிலமும் பிரெஞ்சும் மட்டும். பொதுச்சபை, பாதுகாப்பு மன்றம், மனித உரிமை மன்றம், மனித உரிமை ஒப்பந்தங்களை நாடுகள் கடைப்பிடிக்கின்றனவா என்று பார்க்கும் குழுக்கள் இவற்றின் திறந்த கூட்டங்களில் யார் என்ன சொன்னார்கள் என்று அன்றைக்கே செய்தி அறிக்கை வெளியிடுகிறோம், அந்த இரண்டு மொழியில்.

காலைக் கூட்டம் 10 மணிக்குத் தொடங்கி 1 மணிக்கு முடியும். மாலையில் 3லிருந்து 6. அதற்கு முன்னாலேயே அன்று விவாதிக்கப் போகும் அறிக்கையைப் படித்திருக்கணும். பேசுவோர் பட்டியலைப் பார்த்து, பெயரும் பதவியும் சரிபார்த்து வைத்திருக்கணும். கூட்டம் ஆரம்பித்ததும் காதில் கருவியை மாட்டிக்கொண்டு கேட்டபடியே தட்டச்சு. செனகல், ஐவரி கோஸ்ட், பெல்ஜியம், ஹைத்தி பிரெஞ்சில் பேசினால் நேராகக் கேட்கலாம். சீனமோ அரபோ ரஷ்யமோ என்றால் பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளர் கூண்டிலிருந்து வருவதைக் கேட்கணும். அவர்கள் அரைமணிக்கு ஒருவர் என்று மாறி மாறிப் பேசுவார்கள். நாங்களும் முறைவைத்து உட்காருவோம். ஒருவர் தன் பங்கைக் கேட்டுவிட்டு வெளியே போய் எழுதுவார், அடுத்தவர் வந்து உட்காருவார். கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து, ஆசிரியர் ஒருவர் பார்த்து, மேலே முன்னுரைப் பத்தி வைத்து வெளியிடுவோம். சபையின் அதிகாரபூர்வப் பதிவேடு பின்னால்தான் வரும். அதுவரை டாக்காரிலும் கின்ஷாசாவிலும் இருக்கிற பத்திரிகைக்காரருக்கு எங்கள் அறிக்கைதான் கைக்குக் கிடைப்பது. ஜெனிவாவுக்கு ஆள் அனுப்ப அந்தப் பத்திரிகைகளிடம் பணம் கிடையாது.

எழுதுவது எப்படி என்பதற்கு ஒன்று சொல்கிறேன். தூதுக்குழுக்கள் பேச்சின் எழுத்துப்படியை முன்கூட்டியே கொடுத்துவிடுவார்கள். ஒருமுறை ஓர் அமைச்சர் மேடையில் நேரம் போதாமல் நடுவில் இரண்டு பத்தியை விட்டுவிட்டார். அந்த இரண்டில்தான் அவர் நாட்டுச் சிறைகளைப் பற்றிய வாக்குறுதி இருந்தது. எழுத்துப்படியில் இருக்கிறது, வாயால் சொல்லவில்லை. எங்களுக்குச் சொன்னதுதான் கணக்கு. அந்த வாக்குறுதி அறிக்கையில் போகவில்லை. மறுநாள் காலை தூதரகத்திலிருந்து போன் வந்தது. பதிவை ஓட்டிக் காட்டினோம், விஷயம் அங்கேயே முடிந்தது. எழுத்துப்படியை வைத்துக்கொண்டு சோம்பலாக எழுதியிருந்தால், சொல்லாத வாக்குறுதியை ஓர் அரசாங்கம் சொன்னதாக உலகத்துக்கு அறிவித்திருப்போம்.

பணம், படிப்பு பற்றி இரவு எழுதுகிறேன். இப்போது கூட்டத்துக்குப் போகணும்.

ஷாஆலம்_பொறியாளர் · செவ்வாய், மாலை 6.10

அக்கா, விளக்கத்துக்கு நன்றி. ஆனால் நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ஆங்கிலத்தில் ஒருவர் எழுதினால் போதும், மற்றதை இயந்திரத்தில் போட்டு எடுத்துக்கொள்ளலாமே? பிரெஞ்சுக்கு என்று தனி ஆள் எதற்கு?

லெமான்_கரை · புதன், அதிகாலை 5.05

தம்பி, நல்ல கேள்வி. பட்ஜெட் பேசுகிற இடங்களிலும் இதைத்தான் கேட்கிறார்கள். ஆங்கிலக் குழு வேறு, பிரெஞ்சுக் குழு வேறு. ஒரே கூட்டத்தில் உட்கார்ந்து இரண்டு குழுவும் தனித்தனியாக எழுதுகிறது. ஜெனிவா அறிக்கைகளின் அடியிலேயே இதைக் குறிப்பிட்டிருப்பார்கள். ஒன்றைப் பார்த்து மற்றொன்றை மொழிபெயர்ப்பதில்லை.

இதனால் என்ன லாபம் என்று கேட்பீர்கள். ஆறு மணி நேர விவாதத்தைச் சில பக்கமாகச் சுருக்கும்போது, எதை முன்னால் வைப்பது என்று ஒருவர் தீர்மானிக்கணும். சஹாரா பாலைவனத்துக்குத் தெற்கே உள்ள சஹேல் பகுதியில் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடப்பதைப் பற்றி ஒரு நிபுணர் பேசினால், அது மாலியின் தலைநகர் பமாக்கோவில் இருக்கும் வாசகருக்குத் தலைப்புச் செய்தி. ஆங்கிலத்தில் எழுதுபவர் அன்றைக்கு வேறொன்றை மேலே வைத்திருக்கலாம், அதுவும் தவறில்லை. இரண்டு பேர் தனித்தனியாகக் கேட்டால் ஒருவர் காதில் விழாதது மற்றவர் காதில் விழும்.

இயந்திரத்தை நாங்களும் பயன்படுத்துகிறோம். பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் இருக்கிறது. வேகமாகப் படிக்கும்போது எண்கள் மாறிப்போகும், ஆள் பெயர் சிதைந்துபோகும். அதைத் திருத்தவும் ஆள் வேண்டும். ஆள்குறைப்பு பற்றி நீங்கள் சொன்னது உண்மை, அதை நான் மறுக்க மாட்டேன். என்னைப் போல் ஒப்பந்தத்தில் இருப்பவர்களைத்தான் அது முதலில் தொடும். நியூயார்க்கில் பொதுச்சபையின் முக்கியக் கூட்டத்தொடர் செப்டம்பரில் ஆரம்பித்து டிசம்பரில் முடியும். அதற்கு மட்டும் ஆள் எடுப்பார்கள், முடிந்ததும் ஒப்பந்தமும் முடியும். அண்ணன் நிரந்தரமா என்று கேட்டார். ஆரம்பத்தில் பல வருஷத்துக்கு நிரந்தரம் கிடையாது, அதைத் தெரிந்துகொண்டு இறங்கணும்.

கிள்ளான்_செல்வி · புதன், காலை 8.30

அக்கா, மனசில் இருப்பதைக் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். மனித உரிமை மன்றத்தில் இலங்கை விவகாரம் வரும்போது நீங்கள் என்ன செய்வீர்கள்? காணாமல் போனவர்களின் தாய்மார் படத்தைத் தூக்கிக்கொண்டு ஜெனிவாவுக்கு வருகிறார்கள். நீங்களும் தமிழ்ப் பெண். அரசாங்கத் தரப்பு பேசுவதையும் அப்படியே எழுதுவீர்களா?

லெமான்_கரை · புதன், இரவு 11.48

செல்வி, கோபம் எதற்கு. இதை எழுத நேரம் வேண்டுமென்றுதான் இரவு வரை வைத்திருந்தேன்.

ஆமாம், எழுதுவேன். எழுதியும் இருக்கிறேன். 2012லிருந்து இலங்கை பற்றி மன்றத்தில் தீர்மானங்கள் வந்துகொண்டிருக்கின்றன. ஆணையரின் அறிக்கை, அதற்கு இலங்கையின் பதில், உறுப்பு நாடுகள், அப்புறம் அரசுசாரா அமைப்புகள். இந்த வரிசையில் பேசுவார்கள். அமைப்புகளுக்கு ஒன்றரை நிமிடம், இரண்டு நிமிடம் என்றுதான் நேரம். தமிழ் ஐ.நா. மொழி இல்லாததால் அந்தத் தாய்மாருக்காகப் பேசுகிறவர் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ வாசிப்பார். அந்த ஒன்றரை நிமிடத்துக்காக அவர்கள் எத்தனை வருஷம் காத்திருந்தார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் அந்தப் பகுதி என் பங்கில் வரும்போது ஒரு பெயர், ஒரு ஊர், ஒரு தேதி தவறாமல் எழுதுகிறேன். முல்லைத்தீவு என்றால் முல்லைத்தீவு. மாவட்டத்தை மாற்றிப் போட்டால் அந்தக் குடும்பத்துக்கு நான் செய்கிற துரோகம் அது.

அரசாங்கம் சொன்னதையும் அதே அளவு கவனமாக எழுதுகிறேன். என் அடைமொழி எதையும் சேர்க்க மாட்டேன். ஐ.நா. சாசனத்தின் 100வது பிரிவு, எந்த அரசிடமிருந்தும் உத்தரவு வாங்கக் கூடாது என்று ஊழியர்களைக் கட்டுப்படுத்துகிறது. வேலையில் சேரும்போது அதற்கு உறுதிமொழி எடுக்கிறோம். என் சொந்தச் சாய்வு அறிக்கைக்குள் வந்தால், நாளைக்கு இலங்கைத் தரப்பு மட்டுமில்லை, எந்த நாடும் அந்த முழு அறிக்கையையே நம்பத் தேவையில்லை என்று சொல்லிவிடும். அப்போது அந்தத் தாயின் ஒன்றரை நிமிடமும் சேர்ந்து போய்விடும். நான் இதை நம்புகிறேன் செல்வி. நம்பாவிட்டால் இந்த வேலையில் இருக்க முடியாது.

கூட்டம் முடிந்து வெளியே வந்து அழுத நாள்கள் உண்டு. கூட எழுதும் பெல்ஜியத் தோழி ஒருத்தி ருவாண்டா பற்றிய கூட்டத்தில் அப்படி அழுதிருக்கிறாள். அதை வேலைக்குத் தகுதியின்மை என்று யாரும் சொல்லவில்லை.

செம்பனைக்கிராணி · வியாழன், காலை 7.15

படித்தேன். மகளையும் படிக்க வைத்தேன். தங்கச்சி சொன்னது எனக்கு நன்றாகப் புரிகிறது. நான் ஆபீஸில் குலை நிறுவைக் கணக்கு எழுதுகிறவன். பக்கத்து வீட்டுக்காரர் குலை வெட்டினாலும், எனக்குப் பிடிக்காதவர் வெட்டினாலும், தராசு காட்டியதைத்தான் எழுதணும். அது மாதிரி என்று மகளிடம் சொன்னேன்.

படிப்பு, செலவு பற்றியும் கொஞ்சம் சொல்லுங்கள் அம்மா.

லெமான்_கரை · வியாழன், பிற்பகல் 4.00

அண்ணே, இதை மனம் விட்டுச் சொல்கிறேன். திறமையை விட இங்கே பணம்தான் நம்மைப் போன்றவர்களைத் தடுக்கிறது.

ஐ.நா. செயலகத்தில் பயிற்சிப் பணிக்குச் சம்பளம் கிடையாது. விமான டிக்கெட், விசா, வாடகை, சாப்பாடு எல்லாம் நம் கைக்காசு. உலகிலேயே வாழ்க்கைச் செலவு அதிகமான நகரங்களில் ஜெனிவா ஒன்று. அப்பா அம்மா அனுப்புகிற பணத்தில் தங்கிப் பயிற்சி முடித்தவர்கள்தான் அடுத்த படிக்குப் போகிறார்கள். இது அநியாயம் என்று உள்ளே இருப்பவர்களே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் சேமிப்பைக் கரைத்து அந்த வழியில் மகளை அனுப்பாதீர்கள். அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு பயிற்சியாளர்களுக்கு உதவித்தொகை தருகிறது, உலகச் சுகாதார அமைப்பும் தருகிறது. விண்ணப்பிப்பதானால் முதலில் அங்கே.

படிப்பு விஷயம். மலாயாப் பல்கலைக்கழகம் நல்ல தொடக்கம். ஆனால் பட்டத்தோடு பிரெஞ்சு முடிந்துவிடாது. பிரெஞ்சு மொழித் திறனுக்கான டெல்ஃப் தேர்வு பி2 நிலை வரை, அதற்கு மேல் டால்ஃப் தேர்வு, சி1, சி2 நிலைகள். கோலாலம்பூரில் அலியான்ஸ் பிரான்செஸ் நடத்துகிறது. சி1 எழுத்துத் தேர்வில் சில கட்டுரைகளைக் கொடுத்து எல்லாவற்றையும் சேர்த்து 220 சொல்லில் ஒரே சுருக்கமாக எழுதச் சொல்வார்கள். சொந்தக் கருத்து ஒரு வரி கூட வரக் கூடாது. எங்கள் வேலைக்கு மிக நெருக்கமான பயிற்சி அது. பிரெஞ்சை வீட்டு மொழியாகக் கொண்டவர்களோடு போட்டி போடுவதால் சி2 வரைக்கும் போகணும். பிரான்சில் பிறந்திருக்க வேண்டியதில்லை. எங்கள் குழுவில் கேமரூன்காரர், லெபனான்காரர், கனடாக்காரர் எல்லாம் இருக்கிறார்கள். எழுத்துத் தேர்வு வைத்துத்தான் எடுக்கிறார்கள், அதில் பெயரோ ஊரோ உதவாது.

அதற்குப் பிறகு இதழியல் முதுகலை. லீல் நகரத்து இதழியல் பள்ளி 1924லிருந்து நடக்கிறது. பாரிஸில் 1946ல் தொடங்கிய பள்ளியும் இருக்கிறது. நுழைவுத் தேர்வு கடினம். பிரெஞ்சுத் தூதரகத்தின் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கணும். பிரான்சின் அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் பிரிட்டனை விடக் குறைவு.

ஐ.நா.வில் பி-3 எனப்படும் இடைநிலைப் பதவிக்கு முதுகலையோடு ஐந்து வருஷ அனுபவம் கேட்பார்கள். படிப்பு முடிந்ததும் நேரே ஐ.நா. வாசலில் போய் நிற்க முடியாது. 32 வயது வரை இளம் தொழில்முறையாளர் தேர்வு என்று ஒன்று உண்டு, அதற்கு அனுபவம் வேண்டாம். ஆனால் எந்தெந்த நாட்டவர் எழுதலாம் என்ற பட்டியல் ஆண்டுதோறும் மாறும். மலேசியா பெயர் வருகிறதா என்று வருஷா வருஷம் பார்க்கணும்.

அந்த ஐந்து வருஷத்தை எங்கே கழிப்பது என்பதுதான் முக்கியம். ஏஎஃப்பி செய்தி நிறுவனம் இருக்கிறது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு 1971ல் பாரிஸில் பிறந்தது, இன்றும் அதன் உள்வேலையில் பிரெஞ்சுக்கு மதிப்பு. பினாங்கு பக்கம் அகதிகளுக்கு வைத்தியம் பார்க்கிறார்கள், பட்டர்வொர்த்தில் கிளினிக் இருக்கிறது. செஞ்சிலுவைச் சம்மேளனத்தின் ஆசிய பசிபிக் அலுவலகம் கோலாலம்பூரிலேயே இருக்கிறது. ஐ.நா. தொண்டர் திட்டத்தில் மாதப் படி தருவார்கள். பிரெஞ்சு தெரிந்தவர்களை மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவுக்குத் தேடிக்கொண்டே இருப்பார்கள். கொங்கோவில் 2002ல் ஐ.நா. ஆதரவோடு ஆரம்பித்த ரேடியோ ஒகாப்பி வானொலி போன்ற இடங்களைப் போய்ப் பார்த்தவர்கள் எழுதும் பிரெஞ்சில் ஒரு தெளிவு இருக்கும். என் பிரெஞ்சு பாரிஸில் வளரவில்லை, ஆப்பிரிக்காவில்தான் வளர்ந்தது.

ஷாஆலம்_பொறியாளர் · வியாழன், இரவு 9.20

அக்கா சொன்ன வழியில் ஒவ்வொரு கட்டத்திலும் கையில் ஒரு தொழில் இருக்கிறது. அதனால் என் எதிர்ப்பு கொஞ்சம் குறைகிறது. பிரெஞ்சு ஆசிரியராக, மொழிபெயர்ப்பாளராக, நிருபராக எங்கேயும் நிற்கலாம். ஆனால் கிராணி அண்ணே, ஒரு கணக்கு போட்டு வையுங்கள். முதுகலைக்கு உதவித்தொகை கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று இப்போதே வீட்டில் பேசிவிடுங்கள். கடன் வாங்கிப் போவதில்லை என்று முடிவெடுத்தால், இரண்டு வருஷம் இங்கே வேலை பார்த்துவிட்டு மறுபடி விண்ணப்பிக்கலாம். பி.டி.பி.டி.என். என்ற அரசாங்கக் கல்விக் கடனோடு இன்னொரு கடன் சேர்ந்தால் பிள்ளைக்குச் சுமை.

கிராணி_மகள் · வெள்ளி, மாலை 5.30

அப்பா கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன், இப்போது சொந்தமாகக் கணக்கு தொடங்கிவிட்டேன். எல்லாருக்கும் நன்றி. லெமான் அக்கா, இப்போதே நான் பழகக் கூடியது ஏதாவது இருக்கிறதா? பல்கலைக்கழகம் வரை காத்திருக்க வேண்டாம் என்று நினைக்கிறேன். என் பிரெஞ்சு இப்போது பி1 அளவில்தான் இருக்கிறது. கேட்டால் புரிகிறது, எழுதும்போது மெதுவாகத்தான் வருகிறது.

லெமான்_கரை · வெள்ளி, இரவு 10.35

வா தங்கச்சி. இருக்கிறது, காசும் செலவில்லை. ஐ.நா. வெப் டிவியில் கூட்டங்களின் பதிவு கிடைக்கும். அங்கே மொழியை மாற்றிக் கேட்கலாம். பிரெஞ்சில் பேசும் ஒரு நாட்டின் உரையைத் தேர்ந்தெடு. ஐந்து நிமிடம் போதும். ஒரே தடவை கேள், நிறுத்தாமல் குறிப்பெடு. அப்புறம் எழுத்துப்படியைப் பார்க்காமல் ஒரு பத்தி எழுது. எழுதி முடித்ததும் அதே கூட்டத்தின் பிரெஞ்சு அறிக்கையை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார். எங்களுடையது வேதம் இல்லை. நீ எடுத்தது நாங்கள் விட்டதாக இருக்கலாம், அதையும் யோசித்துப் பார். அடுத்து ஆங்கில அறிக்கையைப் பார், மூன்றாவதாக ஒரு கண் கிடைக்கும்.

பி1ல் இது கஷ்டம், தெரிந்துதான் சொல்கிறேன். முதலில் தமிழிலோ மலாயிலோ குறிப்பெடுத்தாலும் பரவாயில்லை. நான் இன்றைக்கும் அவசரத்தில் பாதிக் குறிப்பைத் தமிழில்தான் கிறுக்குகிறேன். எழுதுவது மட்டும் நேராகப் பிரெஞ்சில் இருக்கட்டும்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் தேர்வில் கண்ணில் படும். பிரெஞ்சில் முக்காற்புள்ளிக்கும் அரைப்புள்ளிக்கும் முன்னால் ஓர் இடைவெளி விடணும். மேற்கோளுக்கு இரட்டைக் கோணக் குறி, உள்ளே இரு பக்கமும் இடைவெளி. அந்த இடைவெளி வரி முடிவில் உடைந்து அடுத்த வரிக்குப் போகக் கூடாது. அதற்கு விசைப்பலகையில் தனி விசைச் சேர்க்கை இருக்கிறது, இப்போதே கை பழக்கிக்கொள். ஆளின் குடும்பப் பெயரைப் பெரிய எழுத்தில் போடுவோம், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் நாடு. நாட்டுப் பெயரை நினைவிலிருந்து எழுதாதே. ஐ.நா.வின் சொல் வங்கியில் தேடிப் பார்த்து எழுது. ஸ்வாசிலாந்து 2018லேயே எஸ்வாட்டினி ஆகிவிட்டது.

கிராமத்து_நிருபர் (ரவாங்) · சனி, காலை 9.10

தாமதமாக வருகிறேன். நான் தமிழ்ப் பத்திரிகைகளுக்கு இந்த வட்டாரச் செய்தி கொடுக்கிறவன். மேலே படித்ததில், லெமான் அம்மா சொன்ன வேலைக்கும் நான் செய்வதற்கும் இடையில் பெரிய தூரம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கோயில் பொதுக்கூட்டம், பள்ளி பெற்றோர் ஆசிரியர் சங்கம், வீட்டுமனைக் கூட்டம், எதற்குப் போனாலும் இதேதான். தலைவர் அரைமணி பேசுவார், அதில் செய்தி இரண்டு வரி. கடைசி வரிசையில் ஒரு பாட்டி எழுந்து கேட்ட கேள்விதான் உண்மையில் அன்றைய செய்தியாக இருக்கும். எழுதி அனுப்பியதும் தலைவர் போன் பண்ணி என் பேச்சைக் குறைத்துவிட்டாய் என்பார். அதற்குக் குறிப்புப் புத்தகத்தைத்தான் காட்ட முடியும்.

தங்கச்சி, கணினியில் பார்ப்பதோடு நேரிலும் ஒரு கூட்டத்தில் உட்கார்ந்து பழகு. ஒலிபெருக்கி இரைச்சலில், பக்கத்தில் ஆள் பேசிக்கொண்டிருக்கையில், மூன்று பேர் ஒரே நேரத்தில் கத்தும்போது, யார் என்ன சொன்னார் என்று பிடிப்பது தனி வித்தை. வரும் ஞாயிறு காலை 10 மணிக்கு பெஸ்தாரி ஜெயாவில் தோட்ட வீட்டுமனை பற்றிக் கூட்டம் இருக்கிறது. தோட்டத்தை விட்டு ஓய்வு பெற்றவர்கள் வீடு கேட்டு வருகிறார்கள், நிர்வாகத் தரப்பிலும் ஆள் வருகிறார். நான் போகிறேன். அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா. என் பக்கத்தில் உட்கார்ந்து நீயும் எழுது, கடைசியில் இரண்டையும் வைத்துப் பார்ப்போம்.

செம்பனைக்கிராணி · சனி, காலை 11.25

கண்டிப்பாக வருகிறோம் அண்ணே. அந்த லயத்து வீடுகளில் இருக்கும் பாதிப் பேரை எனக்குத் தெரியும். நான் பின்னால் தள்ளி உட்கார்ந்துகொள்கிறேன், அவளுக்கு எதையும் சொல்லிக் கொடுக்க மாட்டேன்.

லெமான்_கரை · சனி, மாலை 6.40

நல்ல ஏற்பாடு. தங்கச்சி, கூட்டம் முடிந்ததும் தமிழில் எழுதி நிருபர் அண்ணனிடம் காட்டு. அப்புறம் தமிழை மூடி வைத்துவிட்டு, குறிப்பை மட்டும் பார்த்து, பிரெஞ்சில் 200 சொல் எழுதி எனக்குத் தனிச்செய்தியில் அனுப்பு. அன்றைக்கு மாலை 6 மணிக்குள் அனுப்பணும். பிழை எத்தனை இருந்தாலும் பரவாயில்லை, நான் திருத்தித் தருகிறேன். பாட்டி ஒருவர் எழுந்து கேட்டால், அவர் பெயரையும் எந்தத் தோட்டம் என்பதையும் அவரிடமே போய்க் கேட்டு எழுதிக்கொள்.